ஐந்தாவது விரல்

காற்று முற்றும் நாட்களில்
புந்தா அரேனாஸ் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
வங்கிக்குப் போகிறவர், ரொட்டி வாங்கி வருகிறவர்
எல்லாரும் அதைப் பற்றிக்கொண்டே நகர்வார்கள்.
இதில் யாருக்கும் வெட்கமில்லை.
ஒருமுறை அதே கயிற்றில் எதிரே
என் பல் மருத்துவர் வந்தார், தொப்பியைப் பறிகொடுத்து.

என் வகுப்பில் பதினேழு பேர். ஐந்து வயது.
என்னை ‘தியா’ என்பார்கள். அத்தை என்று பொருள்.
இங்கே பாலர் வகுப்பு ஆசிரியைகள் எல்லாரும்
ஊருக்கே அத்தைகள்.

செவ்வாய்க்கிழமை பழுப்புத் தாளை விரித்தோம்.
பாஸ்தியான் மல்லாந்து படுத்தான்.
சுற்றிலும் கோடு இழுத்தோம்.
கூச்சத்தில் அவன் நெளிய
இடுப்பு ஒருபக்கம் மலைபோல் வளைந்துவிட்டது.
நீச்சலுடை மறைக்கும் இடமெல்லாம் சிவப்பு, என்றேன்.
டாக்டர் தொட்டால்?
அம்மா பக்கத்தில் இருக்கணும், உன்னிடமும் கேட்கணும்.
அக்குள்?
அதில் சண்டையே மூண்டது.
மிலென்கா இரண்டு காதுகளையும் சிவப்பாக்கினாள்.
பெரியப்பா திருகுவாராம், ஆசையாக.
கன்னத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.
வந்தவர்க்கெல்லாம் கன்னத்தில் முத்தம் தருவது
எங்கள் ஊர் மரியாதை.
கொஞ்சம் யோசித்து
அதையும் அவளே சிவப்பாக்கினாள்.
அன்று மாலை அவள் அம்மா
தொலைபேசியில் பொரிந்து தள்ளினாள்.

பிறகு ‘வேண்டாம்’ பயிற்சி.
தொண்டையிலிருந்து அல்ல, வயிற்றிலிருந்து சொல்லுங்கள்.
ஜன்னல் அதிர்ந்தது,
காற்றினாலா அவர்களாலா தெரியவில்லை.
நவுவேல் மட்டும் உதட்டை அசைத்தான்.
இன்னும் கொஞ்சம் சத்தமா, என்றபடி
அவிழ்ந்துகிடந்த அவன் கழுத்துத்துணியைச்
சரிசெய்யக் குனிந்தேன்.

“வேண்டாம்.”

பாதி வழியில் நின்றுவிட்டது என் கை.
பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்,
எனக்கே சொல்லப்படும் என்று
எந்தப் பயிற்சி முகாமிலும் எச்சரிக்கவில்லை.
சரி, என்றேன்.
சுருக்கென்றிருந்தது. பொய் சொல்வானேன்.
அந்தத் துணி அன்று முழுக்கத் தரையைப் பெருக்கியது.

வியாழன், கையை வரைந்தோம்.
விரலுக்கு ஒரு பெயர்.
வயிற்றைப் பிசையும் ரகசியம் வந்தால் யாரிடம் ஓடுவாய்?
அவர் காதில் வாங்காவிட்டால் அடுத்து யாரிடம்?
நவுவேல் எழுத்துக்கூட்டி எழுதினான்:
அம்மா. இரவு வேலை, நண்டுத் தொழிற்சாலை.
அண்ணன். படகில் போனால் பத்து நாள்.
பள்ளி வேன் ஓட்டும் தோன் எலாதியோ.
கனேலா.
கனேலா நாய்.
நாய் கணக்கில் வருமா, என்று கேட்டான்.
வரும்,
ஆனால் அதனிடம் சொன்ன பிறகு
பேசத் தெரிந்த ஒருவரிடமும் சொல்லணும்.
ஐந்தாவது விரலில் நகம் மட்டும் வரைந்திருந்தான்,
மிக அழகாக.
என் பெயராக இருக்கலாமே என்றொரு நப்பாசை.
நாமாக யார் பெயரையும் எடுத்துக்கொடுக்கக் கூடாது.
பேசாமல் சுவரில் ஒட்டினேன்.

அக்டோபர் கடைசியில்
மற்றவர்கள் கோட்டு மாட்டப் போனபின்
தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தான்.
மூலையில் சுவரின் சுண்ணாம்பும் சேர்ந்து வந்திருந்தது.
“உங்க பேர்ல எத்தனை எழுத்து?”
ஐந்து.
“விரல்ல இடம் போதுமா?”
பொடியாக எழுதினால் போதும், என்றேன்.
எழுதினான். ஓர் எழுத்து திரும்பி நின்றது.
நான் தரையில் உட்கார்ந்தேன்,
அவன் கண் என் கண்ணைவிடச் சற்று மேலே இருக்கட்டும் என்று.

அவன் சொன்னது இந்தக் கவிதையில் இல்லை.
அது அவனுடையது.
யாருக்குப் போய்ச்சேர வேண்டுமோ
அன்று மாலையே போய்ச்சேர்ந்தது,
நடுங்கிய என் கையெழுத்தில்.

வெளியே கயிறு கட்டியிருந்தார்கள்.
தெருவின் மறுபக்கம் அவன் அம்மா,
நண்டுவாசம் போகாத ரப்பர் காலணிகளோடு.
கையைப் பிடிச்சுக்கட்டுமா, என்று கேட்டேன்.
யோசித்தான்.
“வேண்டாம்.”
ஒரு கையால் கயிற்றைப் பற்றிக்கொண்டு
முதுகுப்பையை என் பக்கம் திருப்பினான்.
“இந்த வாரைப் பிடிச்சுக்கோங்க, தியா.
காத்து உங்களையும் தள்ளிடும்.”